தரைக்கு எலுமிச்சை, நாக்குக்குப் புண்

அமைச்சர் வரும் செய்தியை நெல்லை வண்ணார்பேட்டைக்காரர்கள் பத்திரிகையில் படிப்பதில்லை. சாலையோரத்தில் படித்துக்கொள்கிறோம். முந்தின நாள் ராத்திரி வரை இல்லாத வெள்ளைக் கோடு, விடிந்து பார்த்தால் இரு புறமும் நெற்றியில் பட்டை அடித்தாற்போல் இழுத்துக் கிடக்கும். செல்லப்பாண்டியன் சிலையிலிருந்து கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகம் வரை ஒரே பளீர். கோட்டுக்கு அந்தப் பக்கம் சாக்கடை. இந்தப் பக்கம் அமைச்சரின் கார். நடுவில் பிளீச்சிங் பவுடர். அரசும் சாக்கடையும் செய்துகொண்ட எல்லை ஒப்பந்தம் அது. அமைச்சர் போகும் வரை யாரும் எல்லை தாண்டக் கூடாது.

பவுடர் அங்கே என்ன செய்கிறது? ஒன்றும் செய்வதில்லை. நல்ல சரக்கு என்றால் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும். மூட்டையைப் பிரித்து வெயிலிலும் ஈரக்காற்றிலும் போட்டால் அது பாட்டுக்குப் பறந்துவிடும். மிஞ்சியது வேலை செய்ய வேண்டுமானால் அளவாகத் தண்ணீரில் கரைக்க வேண்டும். அழுக்கைக் கழுவிய இடத்தில் ஊற்ற வேண்டும். கொஞ்ச நேரம் விட வேண்டும். சேற்றின் மேல் கொட்டினால் சேற்றோடு மல்லுக்கட்டியே குளோரின் தீர்ந்துபோகும். காய்ந்த மண்மேல் காய்ந்த பவுடரைத் தூவினால் எந்தக் கிருமியும் சாகாது. சிரித்துச் செத்தால் உண்டு. இது சுகாதாரப் பிரிவில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்துதான் தூவுகிறார்கள். கிருமிக்காகத் தூவினால் கணக்குப் பார்க்க வேண்டும். கண்ணுக்காகத் தூவினால் கோடு நேராக இருந்தால் போதும்.

அந்தக் கோட்டை வேலை பார்க்க வைக்கிற உயிர் ஒன்று உண்டு. தெருநாய். சாலையோரம்தான் அதற்கு வீடு. படுக்கும், புரளும், பவுடரில் நடக்கும், பிறகு நிதானமாக உட்கார்ந்து பாதத்தை நக்கும். மண்ணில் செத்துக் கிடந்த பவுடர் நாக்கின் ஈரம் பட்டதும் உயிர் பெறும். வாய் எரியும், எச்சில் ஒழுகும், குமட்டும். அமைச்சருக்கு அந்தத் தொல்லை இல்லை. அவர் தம் பாதத்தைத் தாமே நக்க வேண்டியதில்லை.

கோடு போட்ட அம்மாவைப் பார்த்திருக்கிறீர்களா? தட்டில் பவுடர், வெறுங்கை, முந்தானையால் மூடிய மூக்கு. அவர் பாதுகாப்புக்கு அரசு செய்த ஏற்பாடு, அவர் கட்டியிருந்த சேலைதான்.

மருந்து தெளித்தால் நோய் போய்விடும் என்ற இந்தப் பக்தி உச்சத்துக்குப் போன ஆண்டு 2020. உத்தரப்பிரதேசத்தின் பரேலியில், ஊர் திரும்பிய கூலித் தொழிலாளர்களைத் தரையில் உட்கார வைத்து, சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலைக் குழாயால் பீய்ச்சியடித்தார்கள். பஸ்ஸுக்கு அடிக்க வேண்டியதை மனிதர்கள் மேல் அடித்துவிட்டார்களாம். நாம் மட்டும் சளைத்தவர்களா? அந்த ஆண்டு ஏப்ரலில் திருப்பூர்ச் சந்தையில் கிருமிநாசினிச் சுரங்கம் திறந்தோம். கையைத் தூக்கியபடி நடந்து போனால் கொரோனா உதிர்ந்துவிடும் என்றார்கள். ஊர் ஊராகக் காப்பியடித்தார்கள், ரிப்பன் வெட்டினார்கள், படம் பிடித்தார்கள். மாதம் முடிவதற்குள் தமிழ்நாட்டுப் பொது சுகாதாரத் துறையே வேண்டாம் என்றது. பிறகு மத்திய சுகாதார அமைச்சகமும் வேண்டாம் என்றது. ரிப்பன் வெட்டியவர்களிடம் யாரும் கத்தரிக்கோலைத் திரும்பக் கேட்கவில்லை. அந்த ஆண்டின் தொடக்கத்தில் சீனாவின் சோங்சிங் நகரில் கண்மண் தெரியாமல் கிருமிநாசினி தெளித்ததில் காட்டுப்பன்றி, மரநாய், பறவைகள் என்று குறைந்தது 135 உயிர்கள் செத்தன. சீனாக்காரன் எண்ணியாவது பார்த்தான். நம் தெருவில் செத்ததை எண்ணுகிற பதவியே நம்மிடம் இல்லை.

சரி. அரசைத் திட்டியாயிற்று, நெஞ்சு குளிர்ந்தது. இனி வீட்டுக்குள் வருவோம். செருப்பைக் கழற்றிவிட்டு வாருங்கள். தரை இப்போதுதான் துடைத்திருக்கிறது.

வடக்கு பைபாஸிலும் தெற்கு பைபாஸிலும் எழும்பி நிற்கும் அடுக்குமாடிகளில் பாரசீகப் பூனை இருக்கிறது. லேப்ரடார் இருக்கிறது. சைபீரியப் பனியில் வண்டி இழுக்கப் பிறந்த ஹஸ்கி இருக்கிறது. நெல்லையின் சித்திரை வெயிலில் அது ஏசி அறையை விட்டு இறங்காமல் மின்கட்டணத்தை மட்டும் இழுத்துக்கொண்டிருக்கிறது. பக்கத்து மாவட்டத்து ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் நம் கௌரவத்துக்குக் காணாது. அவை வெயிலைத் தாங்கும். வெயிலைத் தாங்குகிறவர்களை நாம் என்றைக்கு வீட்டுக்குள் விட்டோம்?

நாய்க்குப் பிறந்தநாள் கேக். மழைக்கோட்டு. ஸ்டுடியோவில் படம். அது நாள் முழுக்க வயிற்றை வைத்துப் படுக்கிற தரைக்கு? என்ன விலை, என்ன வாசம், எவ்வளவு நுரை. மூன்றே கேள்வி. நாலாவது கேள்வி நமக்குத் தோன்றுவதே இல்லை.

தோன்றிக் கேட்டாலும் பதில் கிடைக்காது. மளிகைக் கடையில் கேட்டுப் பாருங்கள்.

“அண்ணாச்சி, வீட்ல பூனை இருக்கு. அதுக்கு ஒண்ணும் செய்யாத பினாயிலா குடுங்க.”

“பூனையக் கொல்லணுமா, வளக்கணுமா?”

“வளக்கத்தான் அண்ணாச்சி.”

“அப்பம் இதக் கொண்டு போங்க. நல்ல ஸ்ட்ராங்கு. மூக்குல சுள்ளுன்னு ஏறணும். ஏறலன்னா கறை போகலன்னு அர்த்தம்.”

அண்ணாச்சியைக் குறை சொல்லாதீர்கள். அவர் நாட்டின் கொள்கையைத்தான் சொன்னார். சுத்தம் என்பது நமக்குக் கண்ணில் வெள்ளை, மூக்கில் சுள். அதைத் தாண்டி நாம் எதையும் கேட்டதில்லை. அவர் எதையும் விற்றதுமில்லை.

கடைக்கே போகாதவர்களுக்கு வாசலுக்கே வரும். காலையில் மொபெட்டில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வரும் குரலை அறியாத தெரு நெல்லையில் இல்லை. பினாயில், ஆசிட், சோப் ஆயில். வெள்ளைக் கேனிலிருந்து ஊற்றிக் கொடுப்பார். எதில் ஊற்றுவார்? நீங்கள் கொண்டுபோகிற குளிர்பானப் பாட்டிலில். பெயர் இல்லை, தேதி இல்லை, என்ன கலந்தது என்ற விவரம் இல்லை. ஆரஞ்சுப் படம் போட்ட பாட்டிலில் ஆசிட் இருக்கும். நாய் தட்டிவிடும். குழந்தை குடித்துவிடும். ஆசிட்டை வாங்குகிறவரின் பெயர், முகவரி, அடையாள அட்டை எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதாமல் விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட நாள் 2013 ஜூலை 18. லட்சுமி என்ற பெண்ணின் முகத்தில் ஆசிட் வீசப்பட்ட வழக்கில் வந்த உத்தரவு. பதிவேடு எங்கே? மொபெட்டின் சீட்டுக்கு அடியில் தேடினேன். டியூப்தான் இருந்தது.

பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று இப்போதாவது பார்ப்போம்.

கறுப்புப் பினாயில் நிலக்கரித் தாரின் வாரிசு. தண்ணீரில் ஊற்றினால் பால்போல் வெளுக்குமே, அதுதான். உள்ளே இருப்பது பீனால், கிரெசால் குடும்பம். நம் உடம்புக்குள் பீனால் கொஞ்சம் போனால் கல்லீரல் அதைக் குளுக்குரோனிக் அமிலத்தோடு கோத்துக் கரைத்துச் சிறுநீரில் அனுப்பிவிடும். நாயும் ஓரளவு சமாளிக்கும். பூனையால் முடியாது. அந்த வேலையைச் செய்கிற நொதி அதன் கல்லீரலில் போதிய அளவு இல்லை. அதை உண்டாக்க வேண்டிய மரபணு பரிணாமத்தின் வழியில் எங்கோ செயலிழந்துவிட்டது. நமக்குத் தலைவலிக்குப் போடுகிற ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொல்லக்கூடும் என்பதற்கும் இதுதான் காரணம். இனி பூனையின் அன்றாடத்தை எண்ணிப் பாருங்கள். ஈரத்தரையில் நடக்கிறது. சோபாவில் ஏறுகிறது. பாதத்தை நக்குகிறது. உடம்பெல்லாம் நக்குகிறது. இந்த வீட்டிலேயே சுத்தத்தில் அக்கறையுள்ள ஒரே ஜீவன் அது. அந்த அக்கறைதான் அதற்கு விஷம் ஊட்டுகிறது.

வெள்ளைப் பினாயில் என்றால் பரவாயில்லை என்று ஒரு நம்பிக்கை. இன்று கடையில் கிடைப்பதில் பெரும்பாலானவை பைன் எண்ணெய்க் கலவை. பூனைக்கு அதுவும் ஆகாது.

சரி, டிவியில் வருகிற நல்ல கம்பெனி தரைத் திரவம் வாங்கினால்? பின்பக்க எழுத்தைப் படியுங்கள். பூதக்கண்ணாடி தேவைப்படும். பென்சால்கோனியம் குளோரைடு என்று இருக்கும். பாக்டீரியாவின் தோலைக் கிழிக்கிற சாமான். அளவாகக் கரைத்து, துடைத்து, காயவிட்டால் பெரிய சேதமில்லை. நாம் அளவாகவா கரைக்கிறோம்? ஒரு மூடி என்று போட்டிருந்தால் நாலு மூடி ஊற்றுவோம். மாமியார் வந்திருந்தால் ஆறு. அந்த ஈரத்தை நக்கிய பூனையின் நாக்கில் புண் வரும். சாப்பிடாது, எச்சில் ஒழுகும், காய்ச்சல் அடிக்கும். சில சமயம் சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும். அதற்குள் வீட்டம்மா மீனை மாற்றிப் பார்த்திருப்பார், பாலை மாற்றிப் பார்த்திருப்பார், ஜோசியரையும் பார்த்திருப்பார். தரையை மட்டும் பார்த்திருக்க மாட்டார். தரையில்தான் எலுமிச்சை மணக்கிறதே.

99.9 சதவீதக் கிருமியைக் கொல்லும் என்கிறான் விளம்பரத்தில். சோதனைக்கூடத்தில், அவன் தேர்ந்தெடுத்த கிருமியை, அவன் சொன்ன அடர்த்தியில், அவன் வைத்த நேரத்துக்கு வைத்துக் கொன்ற கணக்கு அது. நம் வீட்டில் ஊற்றிய கையோடு துடைத்துவிடுகிறோம். கிருமிக்கு ஒன்றும் ஆகவில்லை. பூனைக்குத்தான் ஆயிற்று.

ஆத்திரம் இங்கேதான் வருகிறது. சட்டம் ஒன்றும் இல்லாமல் இல்லை. 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளில் அட்டவணை ‘ஓ’ என்று ஒன்று இருக்கிறது. கறுப்புத் திரவம், வெள்ளைத் திரவம் என்று பினாயிலைப் பிரித்துத் தரம் பார்க்கிறது. எப்படி? ரிடீல், வாக்கர் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் 1903இல் கண்டுபிடித்த சோதனையால். டைஃபாய்டுக் கிருமியைக் கொல்வதில் இது பீனாலைவிட எத்தனை மடங்கு கெட்டி? 18 என்றால் முதல் தரம். 10 என்றால் இரண்டாம் தரம். 5 என்றால் மூன்றாம் தரம். எவ்வளவு நன்றாகக் கொல்கிறாய் என்பதுதான் கேள்வி. யாரையெல்லாம் கொல்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை. வெள்ளைக்காரன் போய்விட்டான். சுதந்திரம் வந்தது, செல்போன் வந்தது, நிலவுக்கு ராக்கெட் போய்விட்டது. பினாயில் எழுதும் பரீட்சையில் கேள்வித்தாள் இன்னும் மாறவில்லை.

கலப்பு மருத்துவர்கள் சிலர் வீட்டிலேயே உண்டு. கழிப்பறை மஞ்சள் கறைக்கு ஆசிட். போகவில்லையா? மேலே பிளீச். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. முதல் உலகப்போரில் சிப்பாய்களைக் கொல்ல அவிழ்த்துவிட்ட அதே வாயு. நாய் மூத்திரம் பெய்த இடத்தில் பிளீச் ஊற்றினால் குளோரமின் கிளம்பும். கண் எரியும், நெஞ்சு அடைக்கும். நாயின் மூக்கில் வாசம் பிடிக்கிற அணுக்கள் 20 கோடிக்கு மேல். நமக்கு 50, 60 லட்சம். நமக்கே மூச்சு முட்டினால் அதற்கு எப்படி இருக்கும்? கூண்டில் லவ்பேர்ட்ஸ் வளர்ப்பவர் வீட்டில் ஸ்ப்ரே அடித்தால் முதலில் தவிப்பது அந்தக் குஞ்சு நுரையீரல். கூண்டுக்கு ஜன்னல் கிடையாது, அவை எழுந்து அடுத்த அறைக்குப் போகவும் முடியாது. அலமாரியில் கிடக்கும் அந்துருண்டையும் நாய், பூனைக்கு விஷம்தான். மிட்டாய் என்று நினைத்து நாய் விழுங்கினால் ரத்தச் சிவப்பணு உடையும். நாய்க்கு ஊற்றுகிற உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் அது பூனைக்கு எமன். நாய், பூனை இரண்டின் படத்தையும் சேர்த்துப் போட்டிருந்தாலும் பொடி எழுத்தைப் படித்துவிட்டு ஊற்றுங்கள்.

இவ்வளவு சொன்னதும் ஒருவர் எழுந்திருப்பார். “அதான் ஸார், நாங்க கெமிக்கலே தொடறதில்ல. எல்லாம் இயற்கை.” வாருங்கள், இயற்கை அய்யா. எலுமிச்சைத் தோல் எண்ணெயும் டீ ட்ரீ எண்ணெயும் யூகலிப்டஸும் இயற்கைதான். பூனைக்கு இவையும் ஆகாது. அரளியும் இயற்கைதான். அதை அரைத்துத் தரை துடைப்பீர்களா? பச்சை இலைப் படம், மண் நிறத் தாள், மூலையில் ஒரு பாதத் தடம். உடனே விலை இரண்டு மடங்கு. ‘செல்லப் பிராணிக்குப் பாதுகாப்பானது’ என்று அச்சடிக்க இந்த நாட்டில் பூனைக்குச் சோதித்துக் காட்ட வேண்டியதில்லை. அச்சகத்துக்குப் பணம் கட்டினால் போதும். 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பசுமைப் புளுகுக்கு எதிராக வழிகாட்டு நெறிகள் போட்டது. இயற்கை, சூழலுக்கு உகந்தது என்றெல்லாம் எழுதினால் ஆதாரம் காட்ட வேண்டுமாம். நல்ல விஷயம். பாட்டில்களுக்கு இன்னும் தகவல் எட்டவில்லை போலிருக்கிறது.

அரசே பினாயில் தேர்ந்தெடுத்த கதையும் நம்மிடம் உண்டு. 2015இல் மத்திய அமைச்சராக இருந்த மேனகா காந்தி, அலுவலகங்களில் பினாயிலுக்குப் பதில் பசு மூத்திரத்தில் செய்த கோநைல் வாங்குங்கள் என்று சக அமைச்சர்களுக்குக் கடிதம் எழுதினார். 2021 ஜனவரியில் மத்தியப்பிரதேச அரசு அதை உத்தரவாகவே போட்டது. அரசு அலுவலகங்களில் இனிமேல் கோமூத்திரப் பினாயில்தான். உத்தரவு வந்தபோது உற்பத்தி பற்றி எதிர்க்கட்சிக்காரர்கள் கேட்டார்கள். பூனைக்கு ஒத்துக்கொள்ளுமா என்று ஆளுங்கட்சியும் கேட்கவில்லை, எதிர்க்கட்சியும் கேட்கவில்லை. பினாயிலைத் தேர்ந்தெடுக்கக்கூட ஒரு விலங்குக்கு ஓட்டு வங்கி வேண்டியிருக்கிறது. பசுவுக்கு இருக்கிறது. பூனைக்கு இல்லை.

அப்படியானால் எதைத்தான் வாங்குவது என்று கேட்பீர்கள். சொன்னால் கோபம் வரும். அன்றாடத் தரைக்கு வெந்நீரும் கொஞ்சம் சாதாச் சோப்பும் போதும். துடைத்து, நல்ல தண்ணீரில் மறுபடி அலசித் துடைத்து, காயும் வரை நாயையும் பூனையையும் வெளியே நிறுத்துங்கள். மூத்திர நாற்றத்துக்கு ஆப்ப சோடா, அல்லது நொதி சேர்த்த திரவம். வினிகரும் ஆகும், பிளீச்சோடு மட்டும் கலக்காதீர்கள். கிருமிநாசினி கட்டாயம் வேண்டும் என்கிற நாளில், சொன்ன அளவு, சொன்ன நேரம், பிறகு அலசல். இவ்வளவுதான். இதை ஏன் எந்த நடிகையும் டிவியில் வந்து சொல்வதில்லை? வெந்நீருக்குக் கம்பெனி கிடையாது.

நாயோ பூனையோ எதையாவது நக்கிவிட்டதா? வாயையும் பாதத்தையும் தண்ணீரில் கழுவுங்கள். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஆசிட் போன வழியே திரும்பினால் தொண்டை இரண்டு முறை வேகும். பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள். ஓடுவதற்கு ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சந்தோஷம். அதே ராமையன்பட்டியில்தான் மாநகராட்சிக் குப்பைக் கிடங்கும் இருக்கிறது. மாநகரின் காலிப் பினாயில் பாட்டில் எல்லாம் சேருமிடம். அவ்வப்போது தீப்பிடித்துப் புகையும். மருத்துவமனைக்கும் விஷத்துக்கும் ஒரே ஊரில் இடம் ஒதுக்கிய நிர்வாகத் தொலைநோக்கை எப்படிப் பாராட்டுவது?

நாயின் மேல் வேண்டுமென்றே ஆசிட் ஊற்றுகிறவனும் உண்டு. வாசலில் படுக்கிறதாம். அவனுக்கு என்ன தண்டனை? 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாய். அதிகபட்சம் 50 ரூபாய். அச்சுப் பிழை இல்லை, ஐம்பது ரூபாய்தான். அறுபது ஆண்டுக்கு மேலாக அதே விலை. ஒரு லிட்டர் பினாயில் அதைவிட அதிகம். கொல்லும் பொருளுக்கு விலை ஏறுகிறது. கொன்றதற்கு மட்டும் விலைவாசி ஏறவே இல்லை. நாடாளுமன்றத்தில் எத்தனையோ திருத்தங்கள் நிறைவேறின. சம்பளமும் பலமுறை திருத்தப்பட்டது. இந்த ஐம்பது ரூபாயைத் தொட யாருக்கும் கை வரவில்லை. புதிய நியாய சன்ஹிதாவின் 325ஆவது பிரிவில், விலங்குக்கு விஷம் வைத்தால், ஊனப்படுத்தினால் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. உண்டுதான். முதலில் யாராவது காவல் நிலையத்தில் போய், “அய்யா, நாய்க்கு நியாயம் வேணும்” என்று சொல்லிவிட்டு, சிரிப்பு அடங்கும் வரை நிற்க வேண்டும்.

பக்கெட்டில் மிஞ்சிய அழுக்குத் தண்ணீர் எங்கே போகிறது? கழிவறையில் ஊற்றுகிறோம். அதோடு நம் கடமை முடிந்தது. மீதியைத் தாமிரபரணி பார்த்துக்கொள்ளும். பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடல் சேரும் வற்றாத ஆறு. நம் வண்ணார்பேட்டையில் 1843இல் சுலோச்சன முதலியார் தம் கைப்பணத்தில் பாலம் கட்டிக் கடந்த ஆறு. ஒரு தனியாள் பாலம் கட்டினார். ஒரு மாநகராட்சி சாக்கடை கலக்காமல் பார்த்துக்கொள்ள முடியவில்லை. 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதனும் பி.புகழேந்தியும் நேரில் வந்து, கழிவுநீர் கலக்கும் இடங்களைப் பார்த்தார்கள். நீதிபதிகள் கோட்டைக் கழற்றிவிட்டு ஆற்றங்கரைக்கு வந்து சாக்கடையைச் சாக்கடை என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அதுவரை அதிகாரிகளுக்கு அது வெறும் ‘திட்டம் நடைபெற்று வருகிறது’.

இதே ஆற்றங்கரையில் தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுத்தவர்கள் உவர்மண்ணும் வெள்ளாவியும் வைத்து ஊரையே வெளுக்க வைத்தார்கள். பக்கத்தில் கழுதை நின்றது, காலடியில் மீன் மேய்ந்தது. இரண்டும் சாகவில்லை. அவர்களுக்கு ஊர் கொடுத்தது படிச்சோறும் பின்வாசலும். இன்று எல்லா வாசனையும் பாட்டிலில் வருகிறது. ஊரின் பழக்கம் மட்டும் மாறவில்லை. அழுக்கை எடுப்பவர் இன்றும் பின்வாசல் வழியாகத்தான் வருகிறார்.

அதை நேரில் பார்க்க வேண்டுமானால் ஏதாவது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்குப் போங்கள். எதுவானாலும் சரி, நிகழ்ச்சி நிரல் ஒன்றுதான். தீர்மானம் ஒன்று: நாய் வளர்ப்போர் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது. இப்படியெல்லாம் தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015லேயே சொல்லிவிட்டதை யாரோ ஒரு இளைஞன் எடுத்துச் சொல்வான். அவனை உட்காரச் சொல்வார்கள். தீர்மானம் இரண்டு: மாடிப்படியில் நாற்றம் வருவதால் பினாயிலின் அளவை இரட்டிப்பாக்குவது. ஏகமனதாக நிறைவேறும். தீர்மானம் மூன்று: படி துடைக்கிற அக்காவுக்குக் கையில் தோல் உரிகிறதாம், ஒரு ஜோடி ரப்பர் கையுறை கேட்கிறார். பொருளாளர் கணக்குப் புத்தகத்தைப் புரட்டுவார். இந்த ஆண்டு நிதி இல்லை, அடுத்த ஆண்டு பரிசீலிக்கலாம் என்பார். எல்லோரும் தலையாட்டுவார்கள். தீர்மானம் நான்கு: எலுமிச்சை வாசம் சலித்துவிட்டது, அடுத்த மாதம் முதல் மல்லிகை வாசத்துக்கு மாறுவது, லிட்டருக்குக் கூடுதலாக ஆகும் தொகையைப் பராமரிப்பு நிதியிலிருந்து எடுப்பது.

கைதட்டலோடு நிறைவேறும்.